பேர் வைத்த பெட்டி

புன்னந்துறை மாகாணத்துக்குக் கடல்தான் வயல். மிளகும் உப்பும் துணியும் கோணியில் ஏறும், கோணி கப்பலில் ஏறும், அக்கரைக்குப் போன கப்பல் பணத்தோடு திரும்பும். வேறு பிழைப்பு அந்த ஜனங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அதுவரை வந்ததில்லை.

அந்த வருஷம் அக்கரைச் சக்கரவர்த்திக்கு என்ன தோன்றியதோ, தன் துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கெல்லாம் பாதி விலையை வரியாகப் பிடிக்கப்போவதாக அறிவித்தான். அடுத்து வந்த செய்தி, வரியைத் தள்ளிவைத்துவிட்டான் என்றது. அதற்கடுத்த செய்தி, தள்ளிவைத்ததைப் பற்றி மறுபடி யோசிக்கிறான் என்றது. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்.

மாகாணத்தின் நிதியமைச்சர் பேர் இளையபெருமாள். பேரில்தான் இளமை, தலை முழுக்க நரை. நேர்மையான மனிதர், கணக்கில் புலி. ஆனால் கணக்குக்குள் அடங்காத ஒன்றைக் கண்டால் அவருக்குக் கை ஓடாது. வருஷத்து வரவு செலவுத் திட்டத்தைச் சபையில் வாசிக்கும் நாள் நெருங்க நெருங்க அந்தத் தவிப்பு கூடியது. குருவைத் தேடிப் போனார்.

குரு உலகம்மை, கடற்கரையில் கைவிடப்பட்ட உப்புக் கிட்டங்கி ஒன்றில் தனியாக இருந்தார். சீடரை விட வயதில் இளையவர். சீடனுக்கு நரைத்திருக்கிறது, குருவுக்கு நரைக்கவில்லை என்று ஊரில் கேலி பேசுவார்கள். இளையபெருமாள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

போன நேரம் உச்சிப்பொழுது.

"வாரும். சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்" என்றார் உலகம்மை.

இலையில் சோறு விழுந்தது. இளையபெருமாள் பிசைந்துகொண்டே சொன்னார்.

"வரி வந்தாலும் வரும், வராமலும் போகும். எது நடக்கும்னு யாருக்கும் தெரியல. இன்னும் வராத ஒண்ணுக்காக எவ்வளவு எடுத்து வைக்கிறது? அதைச் சொல்லுங்கம்மா."

உலகம்மை அவர் இலையில் இருந்த சோற்றை மொத்தமாக வழித்து ஒரு சட்டியில் போட்டார். கையில் இருந்த கவளத்தையும் விடவில்லை. சட்டியின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினார்.

"இது எதுக்குன்னு ஒரு பேர் சொல்லும்."

இளையபெருமாளுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"மழைக்குன்னு வைங்க. மழை வந்தா விறகு நனைஞ்சு போகும், அடுப்பு எரியாது."

"சரி. மழை வந்தா வாரும். தாரேன்."

"இப்பப் பசிக்குதேம்மா."

"மழை பெய்யுதா?"

"இல்லை."

"அப்ப இல்லை."

சட்டியை உறியில் வைத்துவிட்டு உலகம்மை கையைக் கழுவினார்.

"நான் எவ்வளவுன்னுதான் கேட்டேன்" என்றார் இளையபெருமாள்.

"நான் எதுக்குன்னுதான் கேட்டேன்" என்றார் உலகம்மை.

வெறும் வயிற்றோடு கிளம்பிய அமைச்சர் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டில் மனைவி வத்தக்குழம்பு வைத்திருந்தாள். வயிறாரச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தபோது எல்லாம் தெளிவாகிவிட்டது. இலையில் இருப்பதை வழித்தாவது நாளைக்கு எடுத்து வை. குரு சொன்னது அதுதான். வயிறு நிறைந்தவனுக்குத் தத்துவம் சீக்கிரம் விளங்கிவிடும்.

அந்த மாகாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்னொரு காலத்தில் ஏரிக்கரை கட்டவென்று சேர்த்த பணத்தில் அன்றைய நிதியமைச்சன் தன் மகளுக்கு மாளிகை கட்டினான். அந்த வருஷ வெள்ளத்தில் கரை உடைந்து கீழ்க்கிராமங்கள் போயின. அவன் கையை வெட்டினார்கள். அன்றிலிருந்து எந்த நிதியை ஒதுக்கினாலும் அதை ஒரு பெட்டியில் போட்டு, எதற்கென்று சபையில் பேர் சொல்லி முத்திரை வைப்பார்கள். சொன்ன காரணம் வந்தால்தான் பெட்டி திறக்கும், இனி வராது என்று ஆனால் பணம் அடுத்த வருஷக் கணக்கில் சேரும். வேறு காரணத்துக்குத் திறந்தால் திறந்த கை போகும். நல்ல வழக்கம்தான். எத்தனையோ திருட்டு அதனால் நின்றிருக்கிறது.

இளையபெருமாள் பெட்டியை நிரப்ப வழி தேடினார். ஆளுநர் மாளிகைச் செலவில் கை வைக்க முடியாது. காவல்படைச் சம்பளத்தில் கை வைத்தால் காவலே இருக்காது. மிஞ்சியது கோணித் தெருக் கஞ்சித்தொட்டி.

துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தெருவில் எல்லாருமே கோணி தைக்கிறவர்கள். சரக்கு ஏறினால் கோணிக்கு வேலை, கோணிக்கு வேலை இருந்தால் உலை கொதிக்கும். வரி வருமோ என்ற பயத்தில் வியாபாரிகள் சரக்கு ஏற்றுவதைக் குறைத்ததும் முதலில் படுத்தது அந்தத் தெருதான். அவர்களுக்காக அரசாங்கம் காலையிலும் மாலையிலும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தது.

அமைச்சர் கணக்குப் போட்டார். இப்போது ஒரு தொட்டிக்கு வருஷம் முழுக்க ஆகிற பணத்தை எடுத்து வைப்போம். நாளைக்கு வரி வந்துவிட்டால் மாகாணமே பட்டினி கிடக்கும். அன்றைக்குப் பெட்டியைத் திறந்து ஊருக்கு ஊர் தொட்டி வைப்போம், கோணித் தெருவுக்கும் சேர்த்து. அதுவரை அவர்கள் கொஞ்சம் சமாளிக்கட்டும். கணக்கில் தப்பே இல்லை. எத்தனை முறை சரிபார்த்தாலும் சரியாகவே வந்தது.

சபையில் வாசித்தார். கஞ்சித்தொட்டியை மூடும் இடம் வந்தபோது யாரோ இருமினார்கள், அவ்வளவுதான். பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அரக்கு உருகிக்கொண்டிருந்தது.

"எதுக்குன்னு பேர் வைக்க?" என்று முத்திரைக்காரர் கேட்டார்.

அந்தக் கேள்வியை வேறு எங்கோ கேட்டது போல இளையபெருமாளுக்கு ஒரு கணம் தோன்றியது. சபை காத்திருந்தது.

"அக்கரை வரிக்கு" என்றார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வெள்ளம் வருமுன் அணை போட்டவர் என்று ஆளுநர் புகழ்ந்தார்.

வரி வரவில்லை. வராமலும் போகவில்லை. அடுத்த மாதம் என்றான் சக்கரவர்த்தி. அடுத்த மாதம் வந்ததும் அதற்கடுத்த மாதம் என்றான். வியாபாரிகள் கப்பலைக் கட்டியே போட்டார்கள். அவர்களில் ஒருவர் அமைச்சரிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

"வரி உண்டுன்னு சொன்னா விலையைக் கூட்டி அனுப்புவேன். இல்லைன்னு சொன்னா பழைய விலைக்கு அனுப்புவேன். எதுவும் சொல்லாதவன்கிட்ட நான் எதை நம்பி அனுப்ப? சரக்கு கிட்டங்கியிலயே கிடக்கட்டும், ஐயா. கெட்டுப்போனா என்னோட போகும், கடன் மிஞ்சாது."

துறைமுகத்தில் பாசி பிடித்தது. கோணித் தெருவில் காலியான தொட்டியில் நாய் படுத்திருந்தது.

ஒரு காலையில் அமைச்சர் வீட்டு வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். பேர் பொன்னுக்கிளி, கோணி தைக்கிறவள். தோளில் ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு விழிகள் மட்டும் பெரிதாக இருந்தன.

"ஐயா, பெட்டியில எங்க கஞ்சிப் பணம் இருக்காமே. நிசமாங்க?"

"இருக்கு."

"அதைத் திறங்கய்யா."

"வரி வந்தாத்தாம்மா திறக்க முடியும்."

"வரி வந்தா என்னங்க ஆகும்?"

"கப்பல் நின்னுடும். உங்களுக்கெல்லாம் வேலை போயிடும். அப்பத் திறந்து கஞ்சி ஊத்துவோம்."

பொன்னுக்கிளி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கேலி செய்கிறாரோ என்று அவள் நினைத்ததாக அவருக்குத் தோன்றியது.

"கப்பல் நின்னுதானய்யா இருக்கு. வேலை போயித்தான இருக்கு."

"தெரியுதும்மா. ஆனா வரி வரல."

குழந்தை சிணுங்கியது. அதற்குமேல் அழ அதற்குத் தெம்பில்லை. அவள் முதுகைத் தட்டினாள்.

"வடிவு, சும்மா இரு. ஐயா என்னமோ சொல்லுதாக."

இளையபெருமாள் உள்ளே போய் ஒரு படி அரிசி கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். தெரு முழுக்கப் பசி, அவர் கொடுத்தது ஒரு படி. அன்றைக்கு வெட்கமாக இருந்தது அவருக்கு. வெட்கத்தோடேயே ஆளுநரைப் பார்க்கப் போனார்.

"பெட்டியைத் திறக்க உத்தரவு வேணும்."

"வரி வந்துடுச்சா?"

"இல்லை. கப்பல் நின்னுடுச்சு."

"கப்பல் நின்னதுக்கா பெட்டி வச்சீர்?"

"வரி வந்தா என்ன கெடுதல் வருமோ, அது வரி வராமலே வந்துடுச்சு."

"அது எனக்கும் தெரியும். முத்திரையில என்ன பேர் இருக்கு?"

"அக்கரை வரின்னு."

"நீரே திறக்கலாம். நான் தடுக்கல" என்றார் ஆளுநர். "ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னு என்னை விட உமக்கு நல்லாத் தெரியும்."

கருவூலத்தில் போய் அந்தப் பெட்டியின் முன்னால் நின்றார். காவலாளி தானாகவே விலகி வழிவிட்டான். வலது கையை நீட்டினார். அரக்கு விரலில் பட்டது. ஓர் அழுத்து அழுத்தினால் உடைந்துவிடும். அந்தக் கையால் எழுதிய கணக்கெல்லாம் நினைவுக்கு வந்தது, பேரனுக்குச் சோறு ஊட்டுவது நினைவுக்கு வந்தது. கையை எடுத்துக்கொண்டார். பயம்தான். வேறு பேர் அதற்கு இல்லை.

அதன்பிறகு கோணித் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டார். ஆனாலும் கடலோரக் காளி கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. அமைச்சர் போய்த்தான் முதல் தேங்காய் உடைக்க வேண்டும். போனபோது அவருக்கு முன்னாலேயே அங்கே கூட்டம். கோணித் தெரு ஜனம் முழுக்க ஈரத்துணியோடு நின்றது. தேங்காய் வாங்க வழியில்லாதவர்கள் கோணி ஊசியைக் காணிக்கையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பொன்னுக்கிளியும் போட்டாள். பிழைப்புக்கு இருந்த ஊசி.

"என்ன வேண்டுதல்?" என்று கேட்டார்.

"வரி வரணும்னு வேண்டிக்கிட்டோம், ஐயா."

கோணல் பேச்சு இல்லை. மழை வரணும் என்பது போல அத்தனை வெள்ளையாகச் சொன்னாள்.

"அந்த அக்கரை ராசா மனசு கல்லாகணும்னு கேட்டிருக்கோம். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வாக்கு ஆத்தாகிட்ட எடுபடும்."

மாகாணத்தின் நிதியமைச்சர், தன் மாகாணத்தை நாசம் செய்யும் வரியை வரச்சொல்லி, காளியின் முன் கைகூப்பினார். மனதார வேண்டிக்கொண்டார். வாழ்நாளில் அத்தனை உருகி அவர் எதையும் கேட்டதில்லை.

காளி கண் திறக்கவில்லை. வந்த செய்தி வேறாக இருந்தது. சக்கரவர்த்தி வரித் திட்டத்தையே கைவிட்டுவிட்டான், இனி அந்தப் பேச்சே இல்லை.

ஊர் கொண்டாடியது. துறைமுகத்தில் மேளம் அடித்தார்கள், வேட்டு வெடித்தார்கள். கப்பல்களைப் பழுதுபார்த்து, பாய் தைத்து, சரக்கு ஏற்ற இன்னும் எவ்வளவோ காலம் ஆகும். அதைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. சபை கூடியது. பெட்டியைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார்கள். முத்திரை கலையாமல் இருந்தது. இப்படியொரு இக்கட்டான வருஷத்தில் பெட்டியைத் தொடாமலே மாகாணத்தைக் கரைசேர்த்த நிதியமைச்சர் வேறு எவருமில்லை என்று ஆளுநர் பேசினார். ரோஜா மாலை போட்டார்கள். கனமான மாலை.

மாலையோடு வெளியே வந்தவரைப் பொன்னுக்கிளி பார்த்துவிட்டு வந்தாள்.

"ஐயா, இனி வரி வரவே வராதாங்க?"

"வராது."

"அப்ப அந்தப் பெட்டி?"

"அடுத்த வருஷக் கணக்குல சேரும். அதுல முதல் செலவே உங்க தொட்டிதான். நான் பார்த்துக்கிடுதேன். உனக்கும் பிள்ளைக்கும்..."

அப்போதுதான் அவள் தோளைப் பார்த்தார். சேலைத் தலைப்பு மட்டும் கிடந்தது.

"எனக்கு ஒருத்திக்குப் போதும்யா" என்றாள் பொன்னுக்கிளி.

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. மேளச் சத்தம் நெருங்கி வந்தது. இளையபெருமாள் பல்லக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தார். வீட்டுப் பக்கம் போகவில்லை. அன்றைக்கு முழுக்க அவர் எதுவும் சாப்பிடவில்லை, பசியும் தெரியவில்லை.

உப்புக் கிட்டங்கியில் அடுப்பு அணைந்து கிடந்தது. சாம்பல் பழையது. உலகம்மை இளைத்துப்போயிருந்தார். அவரிடம் இருந்த நெல்லெல்லாம் எப்போதோ கோணித் தெருவுக்குப் போய்விட்டது.

"வாரும்" என்றார். மாலையைப் பார்த்தார்.

இளையபெருமாள் தரையில் உட்கார்ந்தார்.

"நான் திருடல. பொய்க் கணக்கு எழுதல. சட்டத்தை மீறல. நீங்க காட்டினபடிதான் எடுத்து வச்சேன். எங்கம்மா தப்பு?"

உலகம்மை எழுந்து உறியிலிருந்த சட்டியை இறக்கி அவர் முன்னால் வைத்தார். கட்டிய துணி கட்டியபடியே இருந்தது.

"மழை வந்துச்சா?" என்று கேட்டார்.

"இந்த வருஷம் மழையே இல்லையேம்மா."

"அதான் திறக்கல."

நாற்றம் துணியைத் தாண்டி வந்தது. இளையபெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இத்தனை பேர் பசியோட உங்க வாசலுக்கு வந்திருப்பாங்க. அவங்கள்ல ஒருத்தருக்குக் கொடுத்திருக்கலாமே."

"மழைக்குன்னு பேர் வச்சது நீர்தான?"

"அது விளையாட்டுக்குச் சொன்னது. அன்னைக்கே எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கலாமே, அம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பிள்ளை..."

"உம்மைப் பசியோட அனுப்பினேன்" என்றார் உலகம்மை. "நீர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டீர்."

கடலில் வேட்டுச் சத்தம் கேட்டது. பிறகு உலகம்மை சட்டியின் துணியை அவிழ்த்தார். உள்ளே கறுத்துப் பூசணம் பூத்துக் கிடந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"யாரும் ஒரு பருக்கை தொடல" என்றார். "அந்த மாலையைக் கழட்டி இதுக்குப் போடும்."